பாய்க்கு வைத்த பொட்டு

மத்திகிரி,
கார்த்திகை மாதம், ஞாயிறு மதியம்.

அன்பு மகள் யுவஸ்ரீக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கப்பாவும் கைகால் ஓட்டத்தோடு நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஆனந்தராஜும், உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கிற என் பேரக்குட்டியும் அந்த ஊர்க் குளிர் ஒட்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் அடுப்பு மூட்டும்போதே வேண்டிக்கொள்கிறேன். தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தைக் கெடுக்கிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை சொல்லிவிடுகிறாய், பிரஷர் மாத்திரை போட்டியா, முட்டி வலி எப்படி இருக்கு என்று, கடைசியில் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், சொல்ல வந்தது சொல்லாமலே போகிறது. பக்கத்து வீட்டு ராஜாத்தியின் மகன் லீவு முடிந்து அயர்லாந்துக்குத் திரும்புகிறான். அவனிடம் ராகி மாவும் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும் வைத்திருக்கிறேன். முதலில் ஊறுகாய் கசிந்திருக்கிறதா என்று பார், அப்புறம் உட்கார்ந்து படி. முழுசும் படி கண்ணு, பாதியில் போனை எடுக்காதே.

வைகாசியில் நான் உன்னிடம் சொன்னது உனக்கு மறந்திருக்காது. இனிமேல் இந்த மனுஷனோடு ஒரே வீட்டில் என்னால் முடியாது, என்னை உன்னிடம் கூட்டிக்கொண்டு போய்விடு, திரும்பி வர மாட்டேன் என்றேன். ஏன் எதற்கு என்று குடையாமல் நீ வாம்மா என்றாய், அந்த ஒரு வார்த்தைக்கு உன்னைக் கையெடுத்துக் கும்பிடலாம். சொன்னபடியே தை மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாய், நான் அங்கேயே இருந்துவிட என்னென்ன பேப்பர் வேண்டுமோ அதற்கும் மாப்பிள்ளையும் நீயும் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், அப்பாவிடம் நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டும் இருக்கிறாய். நானும் அடுப்பில் பால் இருக்கிறது, கதவைத் தட்டுகிறார்கள் என்று மழுப்பிக்கொண்டே வருகிறேன். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதிலை மட்டும் சொன்னால் உனக்குப் புரியாது, அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பாய். அதனால் ஆடி மாதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உங்கப்பா என்னை அடித்ததில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. பேசியதும் இல்லை. அதுதான் என் குறை, வெளியே சொன்னால் இதெல்லாம் ஒரு குறையா என்று சிரிப்பார்கள். நீ பிறந்ததிலிருந்து எங்கள் குடித்தனமே ஷிப்டில்தான் ஓடியது. அவர் ராத்திரியெல்லாம் கம்பெனியில் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு விடியற்காலையில் வருவார், நான் வயர் கட்டுகிற கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன், தெருமுனையில் வீட்டுச் சாவி கை மாறும், அதோடு சரி. போன வருஷம் அவர் ரிடையர் ஆனார், எனக்கும் கண்ணாடி போட்டும் வயரில் நிறம் பிடிபடவில்லை என்று, வேலையை விடுவதாக நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இனிமேலாவது இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு டீ குடிப்போம் என்று ஆசையாக இருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, எங்களுக்குள் பேச ஒரு விஷயமும் இல்லை. குழம்பில் உப்பு இல்லை என்றால் கூடச் சொல்ல மாட்டார், எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். சண்டை போடுகிறவனோடு கூட இருந்துவிடலாம், இந்த மனுஷனோடு எப்படி இருப்பது சொல்லு.

சும்மா உட்கார முடியாமல் அவர் யாரோ சொல்லி ஒரு வேலை பிடித்துக்கொண்டார் என்று உனக்குச் சொன்னேன் இல்லையா. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி தாண்டி உள்ளே போனால் ஹொன்னகெரே என்று ஒரு பெரிய ஏரி, அதில் பெங்களூர்க்காரர்கள் பாய்மரப் படகு கிளப் வைத்திருக்கிறார்கள். படகுகளை டிராக்டரில் கட்டித் தண்ணீரில் இறக்குவதும் சாயந்திரம் மேலே இழுத்துவந்து ஷெட்டில் நிறுத்துவதும் உங்கப்பா வேலை. நமக்கு இங்கே ஏரி அணை என்றாலே கெலவரப்பள்ளி அணையில் பொங்கி நாறுகிற சாக்கடை நுரைதான் ஞாபகம் வரும், மூக்கைப் பொத்திக்கொண்டே ஒரு நாள் அவருக்குச் சாப்பாட்டு கேரியர் கொண்டுபோனேன். போய்ப் பார்த்தால் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கிறது. ஆடிக் காற்று முந்தானையைப் பிடுங்குகிறது, வெள்ளை வெள்ளையாகப் பாய் கட்டின படகுகள் சாய்ந்து சாய்ந்து போகின்றன. நான் கேரியரைக் கீழே வைக்கக் கூட மறந்து நின்றேன்.

அங்கே கவிப்ரியா என்று ஒரு பெண், படகு ஓட்டச் சொல்லித் தருகிறவள், உன் வயசுதான் இருக்கும், ஓமலூர்ப் பக்கம். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. அன்றைக்கு அவளோடு போக வேண்டிய ஆள் வரவில்லை, காற்று வேறு பலமாக இருக்கிறது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அக்கா, கொஞ்சம் ஏறி உக்காருங்களேன், போட்டுக்கு வெயிட் வேணும்” என்கிறாள். எனக்குக் கோபம் வந்ததே பார், குண்டு என்றுதானே சொல்கிறாள். நான் என்ன மூட்டையா என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், காற்று படகை ஒரு பக்கம் சாய்க்கும்போது எதிர்ப்பக்கம் கனமாக ஒருத்தர் உட்கார்ந்தால்தான் படகு கவிழாதாம். உங்கப்பா டிராக்டர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த எரிச்சலிலேயே ஏறிவிட்டேன். பிளாஸ்டிக் சட்டை மாதிரி ஒன்றை மாட்டி இறுக்கிக் கட்டினாள், விழுந்தாலும் மிதப்பேனாம்.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது கண்ணு. நான் சத்தத்திலேயே வாழ்ந்தவள், கம்ப்ரஸர் சத்தம், பஸ் சத்தம், சங்கு சத்தம், வீட்டுக்கு வந்தால் லாரி சத்தம். இங்கே ஒரு மோட்டார் இல்லை, ஒரு பெட்ரோல் வாசனை இல்லை, தண்ணீர் படகின் அடியில் தட்டுகிற சத்தம் மட்டும்தான், ஆனால் என்ன வேகம் தெரியுமா. சின்னப் பாயின் கயிற்றை என் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். காற்று வந்து அந்தப் பாயை நிரப்பினதும், கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி கயிற்றை இழுக்குமே, அப்படி உள்ளங்கையில் ஒரு இழுப்பு. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. நீ பிறந்தபோது ஒரு தரம் அப்படிச் சிரித்தேன், நர்ஸ் கூட என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அதற்கப்புறம் தினம் கேரியர் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டேன், ராஜாத்தி கூட என்னடி புருஷன் மேல் திடீர்ப் பாசம் என்று கேலி பண்ணினாள். காலையில் ஆள் இல்லாத நேரத்தில் கவிப்ரியா எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். சேலை கட்டிக்கொண்டு முடியாது, சுடிதாரும் கயிற்றில் மாட்டுகிறது என்று, உங்கப்பாவின் பழைய கம்பெனி யூனிபாரம் பேண்ட்டை இடுப்பில் நாடா போட்டுக் கட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் ஷிப்டுக்குப் போகிற ஆம்பிளை மாதிரி இருக்கிறேன். பின்னால் சுக்கானோடு ஒரு கட்டை இருக்கிறது, அதை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ படகு அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். எனக்கு மொபெட் ஓட்டின கை, வலது பக்கம் போக வலது பக்கமே தள்ளினேன், படகு நேராகக் கோரைப் புல்லுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. இன்னொரு நாள் முழுசாகவே கவிழ்ந்தேன். தண்ணீருக்குள் போய், மேலே வந்து, மூக்கெல்லாம் தண்ணீர், கவிப்ரியா பயந்துபோய் அக்கா அக்கா என்று கத்துகிறாள், நான் இன்னொரு தரம் போகலாமா என்று கேட்டேனாம். ஐம்பத்து மூன்று வயசில் எனக்கு ஒரு கொழுப்பைப் பார். இதையெல்லாம் உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், வயிற்றுப் பிள்ளைக்காரி பயப்படுவாய் என்றுதான். இப்போதும் பயப்படாதே, அந்த மிதக்கிற சட்டை இல்லாமல் நான் ஏறுவதே இல்லை.

இப்படியே ஆயுத பூஜை வந்தது. உங்கப்பா கம்பெனியில் அந்தப் பூஜையை எப்படிச் செய்வார் என்று உனக்கே தெரியும், சின்னப் பிள்ளையில் பொரியும் சுண்டலும் வாங்க நீ போவாய் இல்லையா. தன்னுடைய ஃபோர்க்லிஃப்டைக் குளிப்பாட்டி, வாழைக்கன்று கட்டி, சந்தனமும் மஞ்சளும் பட்டையாக அடித்து, அழியாமல் இருக்க எண்ணெயில் குழைத்த குங்குமத்தில் பொட்டு வைத்து, அதோடு பேசிக்கொண்டே செய்வார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த வண்டி மேல் ஒரு காலத்தில் வயிற்றெரிச்சலே உண்டு. கிளப்பில் அந்தப் பழக்கம் இல்லை. யாரையும் கேட்காமல் விடியும் முன்னாடியே போய்விட்டார். டிராக்டருக்கு மாலை, மற்ற படகுகளுக்கெல்லாம் கயிற்றில் ஒரு முழம் பூ. நான் ஓட்டுகிற படகுக்கு மட்டும் முழுப் பூஜை. பாய்மரத்தில் வாழைக்கன்று, அடியில் எலுமிச்சம்பழம், ஷெட்டில் சுருட்டி வைத்திருந்த பெரிய பாயை விரித்து அதன் நடுவில் மூன்று பட்டை, தாம்பாளம் அகலத்துக்கு ஒரு பொட்டு. அந்தப் பாய் வெளிநாட்டிலிருந்து அப்போதுதான் வந்த புதுப் பாய், பால் மாதிரி இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டி, வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள், நானும் அதில் ஓட்டப் பேர் கொடுத்திருந்தேன்.

கிளப் செயலாளர் ஹரீஷ்குமார் நல்ல மனுஷர்தான், ஆனால் அன்றைக்கு அவருக்குத் தலை சுற்றிவிட்டது. இங்கிலீஷில் பாதி கன்னடத்தில் பாதி, எல்லார் முன்னாலும் உங்கப்பாவைப் பிடி பிடி என்று பிடிக்கிறார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, “மெஷினுக்கு வெக்கிறதுதானுங்க சார்” என்று ஒரே பதில். எனக்கு அவமானமாக இருந்தது, நானும் என் பங்குக்கு அறிவிருக்கா உங்களுக்கு, துணிக்கு யாராவது எண்ணெய்க் குங்குமம் வைப்பாங்களா என்று கத்தினேன். துவைத்துத் தருகிறோம் என்று பாயை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம், வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். மொட்டை மாடியில் விரித்து இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்தோம். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று குழந்தைக்கும் தெரியும், பதற்றத்தில் எனக்கு மறந்துவிட்டது. மூன்று பட்டையும் ரத்தச் சிவப்பாகி, பொட்டு பரவி இன்னும் அகலமாகிவிட்டது. நான் பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டு, ஊரில் இத்தனை படகு இருக்க என் படகில் எதற்கு இந்த வேலை பண்ணினீங்க என்று அழுதேன்.

அப்போது பேசினார் உங்கப்பா. தலையை நிமிர்த்தாமல், கறையைத் தேய்த்துக்கொண்டே பேசினார், அப்படியே எழுதுகிறேன். “வண்டிக்கு வருசா வருசம் வெச்சேன், ஒரு நாளும் அது ஒருத்தர் மேல ஏறல. நீ தண்ணி மேல போறே. உனக்கு நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ கரைக்கு வர்ற வரைக்கும் எனக்கு எச்சில் எறங்கறதில்ல. வேணாம்னு சொல்ல வாய் வர்ல, நீ அங்க சிரிக்கிறே. வேற என்ன பண்றதுன்னு தெரியல, அதான் வெச்சேன்” என்றார். அவ்வளவுதான். அவர் கையில் இருந்த பிரஷ்ஷைப் பிடுங்கி, போதும் விடுங்க, இருக்கட்டும் என்றேன். மாடியில் வெயில் சுட்டது, பாய் காய்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவர் கீழே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார், நானும் சொல்லாமல் குடித்தேன்.

போட்டி அன்றைக்கு ஹரீஷ்குமார் ஒட்டுப்போட்ட பழைய பாய் ஒன்றை எடுத்துக் கொடுத்து, இதைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். நான் மாட்டேன் என்றேன். கறை இருக்கக் கூடாது என்று ரூலில் இருக்கா சார் என்று கவிப்ரியா கேட்டாள், அவர் யோசித்துவிட்டு இல்லை என்றார். புதிதாகக் கற்றுக்கொண்டவர்களுக்கு மட்டும் தனிப் போட்டி, நாங்கள்தான் சுக்கான் பிடிக்க வேண்டும், சொல்லிக் கொடுத்தவர்கள் முன்னால் உட்கார்ந்து சின்னப் பாயை மட்டும் பார்த்துக்கொள்வார்கள். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன், கரையில் ஹாரன் ஊதினார்கள். அவ்வளவுதான், நான் பாயை இழுத்துக் கட்டி ஒரே பாய்ச்சலாகக் கிளம்பிவிட்டேன். கம்பெனிச் சங்கு ஊதினால் ஓடிப்போய் கார்டு தட்டின உடம்பு கண்ணு இது, நிற்குமா. அது கிளம்புகிற ஹாரனே இல்லையாம், தயாராகச் சொல்கிற ஹாரனாம். அக்கா அக்கா திரும்புங்க என்று கவிப்ரியா கத்துகிறாள், கரையில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் சுற்றிக்கொண்டு வந்து கிளம்புகிற கோட்டுக்குப் பின்னால் சேருவதற்குள் நிஜ ஹாரனும் ஊதி, மற்றவர்கள் பாதி ஏரி போய்விட்டார்கள். கடைசியாகத்தான் வந்தேன், நல்ல கடைசி. ஆனால் ஒரு திருப்பத்தில் கூடத் தப்புப் பண்ணவில்லை, கோரைக்குள் போகவில்லை, முழு வட்டமும் என் கையால் ஓட்டி முடித்தேன். கரைக்கு வந்தால் வெளியூர்ப் பெண்கள் எங்கள் பாய் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள், உங்கப்பா முழங்கால் தண்ணீரில் நின்று படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெட்கப்படுகிறார். ஹரீஷ்குமாரும் இறங்கி வந்துவிட்டார். அடுத்த வருஷம் பாய்க்கு வேண்டாம் அண்ணா, பாய்மரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, உங்கப்பா இப்போதும் ஊமைக்கோட்டான்தான். ஆனால் சாயந்திரம் கிளப்பிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது, இன்னைக்குக் காத்து மாறி அடிச்சது போலிருக்கே என்று ஒரு வார்த்தை கேட்பார். நான் ஆரம்பித்தால் மத்திகிரி ஸ்டாப் வரைக்கும் நிறுத்துவதில்லை, அவர் கேட்டுக்கொண்டு வருவார். இதைத்தானே நான் இத்தனை வருஷமாகக் கேட்டேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது, நீ அங்கே எனக்காக ரூம் கூட பெயின்ட் அடித்து வைத்திருக்கிறாயே என்று மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று மதியம் நான் மாவு அரைத்துவிட்டு வருகிறேன், கூடத்தில் கடகடவென்று சத்தம். உங்கப்பா நீ விட்டுப்போன பெரிய சூட்கேஸைப் பரணிலிருந்து இறக்கி, உடைந்த சக்கரத்துக்குப் பழைய கம்பெனி மெக்கானிக்கிடம் வாங்கின சக்கரத்தைப் பொருத்தி, கூடத்துக்கும் வாசலுக்கும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் இரண்டு பேரும் சமையல்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினதெல்லாம் அவருக்கு வைகாசியிலிருந்தே தெரியுமாம். எனக்குக் காது கேக்குமில்ல என்கிறார். தெரிந்துகொண்டே இத்தனை மாசம் எனக்கு டீ போட்டார், படகைத் தள்ளிவிட்டார். கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். “நம்ம பாப்பாவுக்கு இப்ப நீ வேணும், போ. நான் தடுக்க மாட்டேன்” என்றார். அப்புறம் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, “திரும்பி எப்போ வருவே” என்று கேட்டார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதை அந்த மனுஷன் என்னிடம் கேட்டதில்லை யுவா. நான் அம்மா வீட்டுக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ஷிப்டுக்குப் போனாலும் ஒரு நாளும் கேட்டதில்லை. மாவுப் பாத்திரத்தோடு சமையல்கட்டுக்குள் போய் நின்று அழுதேன். முதலில் உனக்கு எழுதிவிட்டு அப்புறம் அவருக்குச் சொல்லலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அம்மா உன்னிடம் நிச்சயம் வருவேன் கண்ணு. தையில் வந்து, பங்குனியில் உன் பிரசவத்தை என் கையால் பார்த்து, மருந்துக்குழம்பு வைத்துக் கொடுத்து, நீ எழுந்து நடமாடி, குட்டி குப்புற விழுகிற வரைக்கும் உன் பக்கத்திலேயே இருப்பேன். ஆடிக் காற்று எடுக்கும்போது இங்கே வந்துவிடுவேன். எனக்கும் இங்கே ஒரு இடம் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது, அதை விட்டுவிட்டு வர மனசில்லை. நீ ஏமாந்து போவாய் என்று எனக்குத் தெரியும், பெயின்ட் அடித்த ரூமை நினைத்தால் எனக்கே கஷ்டமாக இருக்கிறது. உன்னை விட அந்த மனுஷன் பெரிசு என்றோ ஏரி பெரிசு என்றோ நினைத்துவிடாதே. அந்த ரூமைக் குட்டிக்கு வைத்துக்கொள், வரும்போதெல்லாம் நான் அதோடு படுத்துக்கொள்கிறேன்.

இடது பக்கம் சரிந்து படு, காலில் வீக்கம் இருந்தால் நைட் டியூட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடு, நர்ஸாக இருந்துகொண்டு நீயே உன்னைப் பார்க்காமல் இருக்காதே. ராகியைக் கட்டி தட்டாமல் கிண்டு, மாப்பிள்ளைக்குச் சர்க்கரை போட்டுக் கூழாகக் கொடுத்தால் குடிப்பார், அவரை நான் மிகவும் கேட்டதாகச் சொல். சுகப் பிரசவமாகி, தாயும் பிள்ளையும் பூவும் காம்புமாகச் சேர்ந்து தீர்க்காயுசோடு இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனசார ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ எனக்கு எடுத்திருப்பது வருகிற டிக்கெட் மட்டும்தான். திரும்புகிற டிக்கெட்டையும் எடுத்து, தேதியை அப்பாவின் போனுக்கு அனுப்பு. எனக்கு வேண்டாம், அவருக்கு அனுப்பு. கேட்டது அவர்தான்.

என்றும் உன் நினைவில் இருக்கும்
அம்மா,
கோ. சுகுணா.